இரண்டு மணி அடித்தால் கேசரி

எங்கள் லைன் வீடுகளில் அந்த ஒரு வருஷம் தின்ற கேசரியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் தின்றதில்லை. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. கொரியாவில் என் வீட்டுக்காரர் ஒரு பாக்கெட் உப்பு வாங்கினார், அதற்கு ஒரு கேசரி. பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினார், அதற்கு ஒன்று. இடுப்பில் துண்டோடு குளித்தார், அதற்கும் ஒன்று. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது, சிரித்துக்கொண்டேதான் தின்றோம். ஆனால் எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் பயமும் கலந்திருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஆறு வீடுகள். ஆறுக்கும் சேர்த்து ஒரு கைபம்பு. இரும்பு உருக்கும் கம்பெனிகளின் தூசு, காயப் போட்ட துணியில் ஈரம் போவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடும். அங்கே இருந்த வரைக்கும் நான் வெளிர் நிறத்தில் ஒரு புடவை வாங்கியதில்லை. லைனின் முனையில் பாய் கடை. பாய் பழவேற்காட்டுக்காரர். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் அங்கேதான். எங்கள் ஆறு வீட்டுக்கும் போன் என்றாலும் அவர் கடை போன்தான். செல்போன் சூப்பர்வைசர் சட்டைப் பையில் மட்டும் இருந்த காலம் அது.

நான் அட்டைப்பெட்டி மடிக்கும் கம்பெனியில் இருந்தேன். காலை ஆறு மணி ஷிப்டு, இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் விடுதலை. என் வீட்டுக்காரர் காருக்குக் கதவுத் தகடு அடிக்கும் கம்பெனியில் ஃபிட்டர். எனக்கு மாமன் முறை, அதனால் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நான் கூப்பிட்டது 'மாமா' என்றுதான்.

மெஷினைப் பிரித்துப் போட்டு மாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாயைத் திறக்கச் சொன்னால்தான் வம்பு. தெரியாத மனிதர் முன்னால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டு வருவார். திருவள்ளூர் போகிற பஸ்ஸா என்று கேட்கக் கூச்சப்பட்டு ஏறி உட்கார்ந்து, ஊத்துக்கோட்டையில் இறங்கி நின்றவர். சட்டைத்துணி எடுக்கப் போனால், விலையை நான்தான் கேட்க வேண்டும். நானோ கேட்காமல் விடுகிற ஜாதி இல்லை. கடவுள் சரியாகத்தான் ஜோடி சேர்த்தார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லும், ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று.

இந்த மனிதர் ஒரு தடவை துபாய் போனார். கல்யாணமான மறுவருஷம். நாற்பதாம் நாள் திரும்பி வந்துவிட்டார். அங்கே யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பேச ஆளில்லை, கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் தெருவுக்கு அது போதாதா? "சபரிமலைக்கு மாலை போட்டவன்கூட ஒரு மண்டலம் முடிக்கிறான், நீ இன்னா நைனா நாப்பது நாள்லயே எறங்கி வந்துட்டே?" என்று ஒருத்தன் டீக்கடையில் கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து இரண்டு மாதம் அவர் தெருப்பக்கம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சவரம் கிடையாது. நான் சோறு வைத்தால் தின்பார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். என்னிடமும் பேச்சு நின்றுபோனது. அந்த இரண்டு மாதத்தில் நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. மெல்ல மெல்ல எழுந்து, இந்தக் கதவுத் தகடு கம்பெனியில் சேர்ந்து மனுஷனானார். இன்னொரு தடவை அப்படி உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அப்படிப்பட்டவரைத்தான் கம்பெனி கொரியாவுக்கு ஒரு வருஷம் அனுப்புவதாகச் சொன்னது. புது மெஷின்கள் வரப்போகின்றன, அங்கே தாய்க் கம்பெனியில் கற்றுக்கொண்டு வந்து இங்கே ஓட்ட வேண்டும். இரண்டு பேர் என்றார்கள். மற்றவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் அவர் நின்றுவிட்டார். இவர் மட்டும் தனியாக. வந்து சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "போய்ட்டு வா மாமா. அந்த டீக்கடைக்காரனுங்க மூஞ்சில கரியப் பூசிட்டு வா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பெட்டியில் டீத்தூளையும் ஊறுகாயையும் மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தேன். தள்ளியது நான்தான், அதை மறைக்க மாட்டேன்.

முதல் மூன்று கடிதங்களும் ஒப்பாரி. உப்பு என்று நினைத்து வாங்கினது சர்க்கரை. திரும்பப் போய் வாங்கினது ஏதோ மாவு. குளிக்கிற இடத்தில் எல்லோரும் பிறந்த மேனியாக நின்று குளிக்கிறார்கள், அதனால் பதினொரு நாளாகக் கழுவும் தொட்டியில் மேலுக்குத் தண்ணீர் ஒற்றிக்கொள்கிறேன். பஸ்ஸில் தூங்கிவிட்டுக் கடைசி ஸ்டாப் வரை போய், வந்த வழியே மூன்று மணி நேரம் நடந்தேன். இப்படியே எழுதி, கடைசியில் 'மற்றபடி நலம்' என்று முடித்திருப்பார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உட்கார்ந்து எழுதினேன்: 'மாமா, தோத்ததை எல்லாம் எழுதாதே. தோக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும். எது ஜெயிச்சியோ அதச் சொல்லு. உப்பு வாங்கினாலும் ஜெயிச்சதுதான்.'

அந்தக் கடிதத்திலேயே போன் மணிக் கணக்கையும் எழுதினேன். அங்கிருந்து பேசினால் போன் கார்டு மளமளவென்று கரையும். ஆனால் அடித்துவிட்டு எடுப்பதற்குள் வைத்தால் ஒன்றும் ஆகாது. அதனால் பாய் கடைக்கு ஒரு மணி அடித்து வைத்தால் 'நல்லா இருக்கேன்.' இரண்டு மணி அடித்து வைத்தால் 'இன்னிக்கு ஒண்ணு ஜெயிச்சேன்.' அதற்கு மேல் விடாமல் அடித்தால் எடுத்துப் பேச வேண்டும். மாதத்தில் ஒரு தடவை அது போதும். அவருக்கு வேலை முடிகிற நேரம் நமக்கு மத்தியானம் மூன்று மணி. பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தலை சாய்க்கிற நேரம் அது. "ரெண்டரலேர்ந்து மூணர வரைக்கும் என் கடைக்கு யாரும் போன் போடாதீங்க, கொரியாக்காரர் லைன்" என்று தன் வியாபாரிகள் எல்லோருக்கும் பாய் சொல்லிவைத்தார். நான் ஷிப்டு முடிந்து நேரே வந்து, பருப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொள்வேன்.

முதல் இரண்டு மணி ஒரு செவ்வாய்க்கிழமை அடித்தது. ஒன்று, இரண்டு, அமைதி. மூன்றாவதுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பாய் தூக்கம் கலைந்து, "இன்னாம்மா, ரெண்டா?" என்றார். ரெண்டுதான் பாய் என்றேன். "அப்ப சும்மாவா போவே? அர கிலோ ரவை கட்டறேன், இனிப்பா எதுனா கிண்டு" என்றார். அப்படித்தான் கேசரி வந்தது.

என்ன ஜெயித்தார் என்று அன்றைக்குத் தெரியாது. கடிதம் வர பத்துப் பன்னிரண்டு நாளாகும். கேசரி முதலில், காரணம் பிறகு. இடைப்பட்ட நாளில் லைன் முழுக்க ஊகம் ஓடும். பம்படியில் குடத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொன்று சொல்வார்கள். போல்ட் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்போதும் ஒரே ஊகம்தான்: "யாரையோ நாலு கேள்வி கேட்டிருக்கான்." அவர் யாரையும் ஒரு கேள்வியே கேட்டதில்லை அக்கா என்றால், "அதான்டி சொல்றேன், இப்ப கேட்டிருப்பான்" என்று ஒரு உருண்டை கேசரியை வாயில் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொண்டு, "நெய்யே காணோமே" என்றும் சொல்லும்.

கடிதம் வந்தது. உப்பு! கடைக்காரியின் முன்னால் நாக்கை நீட்டி, விரலால் தொட்டு, முகத்தைச் சுளித்துக் காட்டியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டுப் போய் உப்பை எடுத்துவந்து கொடுத்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் ஒரு தெரியாத பொம்பளை முன்னால் நாக்கை நீட்டினார் என்பதை நான் மூன்று தடவை படித்தேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். பாய் தன் கடையில் உப்பு எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு வாரம் நாக்கை நீட்டினார்.

அப்புறம் துண்டுக் குளியல். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டே எல்லோர் நடுவிலும் போய் உட்கார்ந்து குளித்துவிட்டு வந்திருக்கிறார், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பஸ். அப்புறம் இரும்புக் குச்சிகளால் ஒரே ஒரு சோயா மொச்சையை எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனது. அதற்கு அடித்த நாளில் என்னிடம் ரவை தீர்ந்து, கேழ்வரகு மாவில் வெல்லம் போட்டுக் கிண்டினேன். அக்கா அதைக் கேசரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. நாலு மாதம் இப்படி ஓடியது. மண்டலம் தாண்டிய அன்று, பெரியபாளையத்தம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். டீக்கடை வழியாக நிமிர்ந்து நடந்தேன். யாரும் கவனிக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஐந்தாவது மாதம் பனிக்காலம் வந்தது. இரண்டு மணி நின்றது. ஒரு மணி மட்டும் வந்துகொண்டிருந்தது, அதுவும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை. சரி, நல்லா இருக்கிறார், அது போதும் என்று இருந்தேன். பிறகு அதுவும் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள். நான் தினம் பருப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டு எழுந்து வருவேன். பாய் எதுவும் கேட்க மாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்த அந்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இந்தத் தடவை பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் நானும் இல்லை.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

நான் மூட்டையிலிருந்து குதித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. பாய் எச்சில் கையோடு வெளியே வந்து, "ரெண்டு! ரெண்டு!" என்று லைனைப் பார்த்துக் கத்தினார். அன்றைக்கு ஒரு கிலோ ரவை. முந்திரி போட்டேன், அக்கா வாயை அடைக்கிற அளவுக்கு நெய் விட்டேன். ஆறு வீட்டிலும் வயிறு நிறையத் தின்றார்கள். எட்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிப் போனது. எனக்குச் சூட்டோடு சூடாக எழுதிவிட வேண்டும். அடுப்படியிலேயே உட்கார்ந்து எழுதினேன்.

'மாமா, வெள்ளிக்கிழமை இன்னா ஜெயிச்சே? இங்க எல்லாருக்கும் மண்டை வெடிக்குது. போர்மேனை நாலு கேள்வி கேட்டிருப்பேன்னு அக்கா சொல்லுது. அங்க முட்டைகோஸ்ல காரமா ஊறப்போட்டு ஒண்ணு தருவாங்கன்னு எழுதினியே, அத மூக்கைப் பிடிக்காம தின்னிருப்பேன்னு பாய் சொல்றாரு. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? உன் ரூமுக்கு யாரோ வந்து, நீ போட்ட டீயக் குடிச்சாங்க. அதான். அக்கா மூணு தடவ வாங்கித் தின்னுச்சு. பாய் ஊட்டுக்கும் ஒரு தூக்கு குடுத்தனுப்பினேன். எல்லாரும் உன்ன வாழ்த்தினாங்க மாமா.'

கவரை ஒட்டி, ஐந்து மணிக்குத் தபால் எடுப்பதற்குள் ஓடிப் போய்ப் பெட்டியில் போட்டேன். அன்று இரவு எட்டு நாளைய தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் வீட்டு வாசலுக்கே வந்தார். கடையை விட்டு அவர் லைனுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. குல்லாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பேஜாரு ஆயிடுச்சும்மா" என்றார். "பொன்னேரிலேர்ந்து புதுசா ஒரு எண்ணெய் மண்டிக்காரர் சரக்குப் போடறாரு. இப்ப டின்னு எறக்க வந்தவரு சொல்றாரு, 'வெள்ளிக்கிழம எத்தினி டின்னுன்னு கேக்கப் போன் போட்டேன் பாய், ரெண்டு அடி அடிச்சிச்சு, என் போன் செத்துப் போச்சு'ங்கறாரு. இன்னா டைமுன்னேன். மூணுன்னாரு. அவருக்கு மட்டும் நான் சொல்லி வைக்கலம்மா. புது ஆளு, மறந்துட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அப்ப அவரு அடிக்கலியா பாய்?" என்றேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் கடிதம் ஞாபகம் வந்தது. என்ன எழுதியிருக்கிறேன்! 'இன்னா ஜெயிச்சே?' என்று. எல்லோரும் வாழ்த்தினார்கள் என்று. இத்தனை நாளாக வாய் திறக்க முடியாமல் எங்கோ உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அது எப்படி இருக்கும்? 'இன்னா நைனா, நாப்பது நாள்லயே எறங்கி வந்துட்டே?' என்று கேட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பெண்டாட்டியும் ஊரோடு சேர்ந்து குத்திக்காட்டுகிறாள் என்றுதானே படும்?

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுத் தபால் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பொறுமையானவர். "அது சனிக்கிழமையே மெட்ராஸ் போயிருக்கும்மா. இந்நேரம் ஏரோப்ளேன் ஏறிகினு இருக்கும்" என்றார். அங்கிருந்து அவர் கம்பெனி கேட்டுக்குப் போனேன். ஆபீஸில் ஒருவர் வெளியே வந்து, "பயப்படாதம்மா, டூட்டிக்கு டெய்லி வர்றாரு, உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில் போனது. "ஆனா ஊருக்குத் திரும்பணும்னு கேட்டுகினு இருக்காராம். இந்த மாசக் கடைசில டிக்கெட் போட்டுத் தரச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாராம்."

வீட்டுக்கு வந்து இன்னொரு கடிதம் எழுதினேன். மன்னிச்சுக்கோ மாமா, அது எண்ணெய்க்காரர் அடிச்சது, நீ ஒண்ணும் ஜெயிக்க வேணாம், வந்துடு, யார் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கிறேன் என்று. எழுதிவிட்டு யோசித்தால், இது போய்ச் சேருகிறபோது முதல் கடிதம் போய் மூன்று நாள் ஆகியிருக்கும். முன்னால் போன கடிதத்தைத் துரத்திப் பிடிக்க வழி கிடையாது. மேலும், 'நீ ஒண்ணும் ஜெயிக்க வேணாம்' என்பதைத் திரும்பப் படித்தபோது எனக்கே பிடிக்கவில்லை. போடவும் மனசில்லை, கிழிக்கவும் மனசில்லை. சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து, தினம் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன்.

அந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்டால், அட்டைப்பெட்டி மடித்துத் தள்ளினேன். சூப்பர்வைசர், "இன்னாம்மா, பொட்டிங்க மேல எதுனா கோவமா?" என்று கேட்கிற வேகத்தில் மடித்தேன். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா மட்டும் விடவில்லை. "தின்னதுல தப்பு இன்னாடி? நான் நல்ல மனசோடதான் தின்னேன்" என்றது. அன்றைக்கு அதன்மேல் எரிந்து விழுந்தேன்.

கடிதம் போட்ட பதிமூன்றாம் நாள், வியாழக்கிழமை. மூன்று மணிக்கு அடித்தது. ஒன்று. இரண்டு. நான் அசையவில்லை. பாய் அசையவில்லை. மூன்று. நான்கு. விடாமல் அடித்தது. "எடும்மா!" என்று பாய் கத்தினார். ரிசீவரை எடுத்தேனே தவிர, எனக்குக் குரல் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"இந்தா... நான்தான்" என்றார். அப்புறம், "வெள்ளிக்கிழம நான் அடிக்கவே இல்லியே. யாரு அடிச்சது?"

"எண்ணெய்க்காரரு மாமா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பொன்னேரி மண்டிக்காரரு. தெரியாம எழுதிட்டேன். உன்னக் குத்திக்காட்டலாம்னு எழுதல மாமா, சத்தியமா."

அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரமானது. ஒன்பது நாள் சும்மா இருந்த ஆள், அப்புறம் இன்னும் பன்னிரண்டு நாள் சும்மா இருந்த ஆள், மூச்சு வாங்கச் சிரித்தார்.

அன்று கார்டு தீரும்வரை பேசினார். புது செக்‌ஷனில் போட்டார்களாம். முதல் நாளே ஒரு தகடு வீணாகப் போய், போர்மேன் எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறார். என்ன கத்தினார் என்று புரியாததுதான் கொடுமை. அதன் பிறகு அறை, வேலை, அறை. ஒரு மணிகூட ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். "ஒரு மணின்னா நல்லா இருக்கேன்னுதானே அர்த்தம்? நான் நல்லா இல்லியே. உங்கிட்ட எப்டிப் பொய் சொல்றது?" என்றார்.

புதன்கிழமை சாயந்திரம் கடிதம் வந்தபோது, பெட்டியைக் கட்டி வைத்திருந்தாராம். படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. கசக்கிப் போட்டுவிட்டார். பிறகு எடுத்து விரித்து மறுபடி படித்திருக்கிறார். அக்கா மூணு தடவை வாங்கித் தின்றது என்ற இடத்தில் நின்றுவிட்டாராம்.

"நான் எதுவுமே ஜெயிக்கல. ஆனா அவங்க தின்னுட்டாங்க. தின்னத எப்டிம்மே திருப்பிக் கேக்கறது? ஒரே மானக்கேடா போச்சு. அட, எதுனா ஒண்ணு பண்ணியாவணுமேன்னு தோணிச்சு. நீ எழுதினதுல மூணு இருந்துச்சு. போர்மேன கேள்வி கேக்கறது நம்மால ஆவாது. அந்த முட்டகோஸ் கதையே வேணாம். டீதான் மிச்சம்."

பால் பவுடரில் இரண்டு டம்ளர் டீ போட்டிருக்கிறார். எதிர் அறையில் ஒரு வியட்நாம்காரர். நாலு மாதமாக எதிரெதிரே கதவைத் திறந்து மூடியிருக்கிறார்கள், ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு கையிலும் டம்ளர் இருந்ததால் கதவைத் தட்ட முடியவில்லை. காலால் இடித்திருக்கிறார். அந்த மனிதர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே வரச் சொல்லி நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் கொரிய மொழி அரைகுறை, இவருக்கு அதுவும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு அந்த மனிதர் தன் பெண் குழந்தையின் போட்டோவைக் காட்டினாராம். மறுநாள் காலையில், டிக்கெட் வேண்டாம் என்று சைகையால் ஆபீஸில் சொல்ல அவரும் கூடவே வந்தாராம்.

"அப்ப ஏன் ரெண்டு மணி அடிக்கல மாமா? நேரா பேசிட்டே?" என்றேன்.

"அதுக்கு வெள்ளிக்கிழமயே அடிச்சாச்சே" என்றார்.

வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைக்கிறபோது, சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்த இரண்டாவது கடிதத்தை எடுத்து விறகுக்கு அடியில் சொருகினேன். அன்று வெறும் ரசம்தான் வைத்தேன். ஆனால் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டேன். எரிந்து விழுந்ததற்கு வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியாது.

மீதி ஏழு மாதமும் மணிகள் ஒழுங்காக அடித்தன. ஒன்றும் அடித்தது, இரண்டும் அடித்தது. பாய் அந்த மண்டிக்காரரையும் சேர்த்து எல்லோரிடமும் மறுபடி சொல்லிவைத்தார். வருஷம் முடிந்து, ஒரு நாள் மத்தியானம் மின்சார ரயிலில் வந்து இறங்கினார். கன்னம் உப்பி, மீசையைச் சின்னதாக்கி, யாரோ போல இருந்தார். நான் பார்த்த பார்வையில் அவருக்கே வெட்கம் வந்துவிட்டது.

வந்த மூன்றாம் நாள், "கேசரி கிண்டு" என்றார். எதற்கு என்றேன். "பொன்னேரிக்குப் போவணும்" என்றார்.

தூக்கில் கேசரியோடு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். எண்ணெய் மண்டியைத் தேடிக் கண்டுபிடித்தோம். நான் வழக்கம் போல முன்னால் போய்ப் பேச வாயைத் திறந்தேன். அவர் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். அவரே கல்லாவின் முன்னால் போய் நின்று, "வணக்கங்க. கும்மிடிப்பூண்டிலேர்ந்து வர்றேன்" என்று ஆரம்பித்தார். மண்டிக்காரர் சரக்குக் கேட்டு வந்த ஆள் என்று நினைத்து, டின் விலையைச் சொன்னார். "சரக்குக்கு வரலீங்க. போன வருசம் ஒரு வெள்ளிக்கிழம நீங்க ஒரு போன் போட்டீங்க, அதுக்கு வந்தேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த மனிதர் பயந்துவிட்டார். ஏதோ தகராறு என்று எண்ணியிருப்பார். இவர் விடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணிக் கணக்கு, ரவை, போர்மேன், கசக்கிப் போட்ட கடிதம், காலால் இடித்த கதவு என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். டின் தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். நாக்கை நீட்டி உப்பு வாங்கியதை அங்கேயே நடித்துக் காட்டினார். அரை மணி நேரம் இருக்கும். நான் எண்ணெய்ப் பிசுக்குச் சுவரில் சாய்ந்து, முதல் தடவையாக வாயைத் திறக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டிக்காரர் கேசரியைத் தின்றுகொண்டே, "நான் சும்மா டின்னு கேக்கத்தான்யா போன் போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

திரும்பும்போது கண்டக்டரிடம் மீதிச் சில்லறையையும் கேட்டு வாங்கினார். லைன் முனையில் இறங்கி நடந்தோம். நான் பாய் கடையில் நின்றேன்.

"பாய், அர கிலோ ரவை கட்டுங்க" என்றேன்.

பாய் போனைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தார். "மணியே அடிக்கலியேம்மா. ஆளுதான் இங்க நிக்கறாரே?"

"இது அவருது இல்ல பாய். என்னுது."

"நீ இன்னா ஜெயிச்சே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பத்து நாள்ல கடுதாசி வரும் மாமா, படிச்சுக்கோ" என்றேன். சொன்னேனே தவிர அதை நான் எழுதவே இல்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.